நோவை அளக்கும் சொல்: மூட்டு, எலும்பு நோய் ஆய்வுகளில் தமிழ்



இன்றைய தலைப்பைக் கண்டு சிலர் வியப்படைந்திருக்கக்கூடும். மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர் மூட்டு நோயைப் பற்றிப் பேசுவதற்கு என்ன உரிமை என்னும் வினா நியாயமானதே. அறுபதைக் கடந்த முழங்கால்கள் தரும் உரிமை ஒன்று நமக்கு உண்டு. ஆயினும் அதை இங்குக் கோரப்போவதில்லை. எந்த மருந்து நல்லது என்று நாம் சொல்லப்போவதுமில்லை. அது மருத்துவரின் பணி. அந்த மருத்துவர் தம் ஆய்வில் அளவுகோலாகக் கையாளும் பொருள் ஒன்று உண்டு. அது சொல். அதனைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

குருதியழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரையை அளக்க ஒரு துளிக் குருதி போதும். மூட்டு நோயில் அவ்வாறு இல்லை. ஊடுகதிர்ப் படத்தில் முழங்கால் மிகவும் தேய்ந்து தோன்றும் ஒருவர் நோவின்றி நடப்பதும், படத்தில் சிறிதளவே மாற்றம் உள்ள மற்றொருவர் இரவெல்லாம் உறங்காமல் துன்புறுவதும் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. எனவே ஒரு மருந்து பயன் தந்ததா என்று அறிய வேண்டுமானால், நோயாளியைக் கேட்டே ஆகவேண்டும்.

இது எவ்வளவு முதன்மையானது என்பதற்கு ஒரு வரலாறு சொல்லலாம். 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், முடக்குவாதத்தால் துன்புற்ற பெண் ஒருவருக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் எனப் பெயர்பெற்ற பொருளை ஊசிவழிச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றமும் நஃபீல்டு அறக்கட்டளையும் இணைந்து, நோய் தொடங்கிய நிலையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோனும் மறு பிரிவுக்கு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்தன. 1954-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு கழித்து இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. முதல் நாள்களின் வியப்பு வேறு, பொறுமையாகக் கேட்டு அளந்து பெறும் அறிவு வேறு என்று அந்த ஆய்வு காட்டியது.

அதற்குப் பிறகு அளக்கும் முறைகள் சீர்பெற்றன. முடக்குவாத மருந்தாய்வுகளில் இன்றும் பயன்படும் ஓர் அளவையை அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 1995-இல் வகுத்தது. அதில் ஏழு கூறுகள் உள்ளன: தொட்டால் நோகும் மூட்டுகளின் எண்ணிக்கை, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, நோயாளி கூறும் வலி, தம் நோய்நிலை பற்றி நோயாளி தரும் மதிப்பீடு, மருத்துவர் தரும் மதிப்பீடு, அன்றாடச் செயல்களைச் செய்யும் திறன், குருதியில் அழற்சியைக் காட்டும் சோதனை. இவற்றுள் வலி, மதிப்பீடு, செயல்திறன் ஆகிய மூன்றும் நோயாளியின் வாய்மொழியே. தொட்டால் நோகிறதா என்பதற்கும் அவரே விடை சொல்ல வேண்டும். ஆக, கோடிக்கணக்கில் செலவிட்டு நடத்தும் ஓர் ஆய்வின் முடிவு, 'எவ்வளவு வலிக்கிறது?' என்னும் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதா என்பதைச் சார்ந்து நிற்கிறது. கேள்வி தமிழில் கேட்கப்படும்போது என்ன நிகழ்கிறது?

நோயின் பெயரிலிருந்தே தொடங்குவோம். வாதம் என்பது காற்றைக் குறிக்கும் வடசொல். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் சமநிலை குலைவதே நோய் என்பது சித்த மருத்துவக் கொள்கை. வாத நோய்களை 80 என எண்ணும் மரபும் அதற்குண்டு. மேலைநாட்டுக் கதையும் இதனின்று வேறன்று. ருமாட்டிசம் என்னும் சொல்லின் கிரேக்க வேருக்கு 'ஒழுகுதல்' என்பது பொருள். உடலில் ஏதோ ஒரு நீர் ஒழுகி மூட்டுகளில் தேங்குவதாக அக்காலத்தார் எண்ணினர். அங்கே நீர், இங்கே காற்று. இரண்டு கொள்கைகளும் நவீன மருத்துவத்திலிருந்து விலகிவிட்டன; சொற்கள் மட்டும் விலகவில்லை.

அதனால் விளையும் சிக்கல் ஒன்றுண்டு. தமிழில் பக்கவாதம் என்பது மூளையின் குருதிக்குழாய் நோய். இளம்பிள்ளை வாதம் தீநுண்மியால் வருவது. முகவாதம் நரம்பைச் சார்ந்தது. முடக்குவாதமோ மூட்டுகளைத் தாக்குவது. கீல்வாதம் என்னும் சொல்லை ஒருவர் யூரிக் அமிலத்தால் வரும் நோய்க்கும், மற்றொருவர் மூட்டுத் தேய்வுக்கும், மூன்றாமவர் மூட்டழற்சி அனைத்துக்கும் வழங்கக் காண்கிறோம். 'உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் வாதம் உண்டா?' என்று வினாத்தாளில் அச்சிட்டால், 'உண்டு, எங்கள் அப்பாவுக்கு ஒரு கையும் காலும் விழுந்துவிட்டது' என்று ஒரு மூதாட்டி விடை கூறுவார். தாதி 'ஆம்' என்னும் கட்டத்தில் குறியிடுவார். யார்மீதும் பிழையில்லை, தரவு மட்டும் பிழையாகிவிட்டது.

முடக்குவாதம் என்னும் பெயரைப் பற்றியும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. முடக்கத்தான் கீரையின் பெயர் முடக்கு அறுத்தான் என்பதன் மரூஉ என்பர். முடங்கிப்போவது பற்றிய அச்சம் நம் மக்களிடையே எவ்வளவு பழையது என்பதை அந்தக் கீரையின் பெயரே காட்டும். இன்றைய மருத்துவத்தின் நோக்கமோ, நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, முடங்கும் நிலைக்குச் செல்லாமல் தடுப்பது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருவர் விரல்வீக்கத்தோடு முதன்முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, நோயின் பெயரே அவர்மீது தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வழக்கில் வேரூன்றிய சொல்லை நீக்க இயலாது. ஆயினும் விளக்கத் தாள்களில் மூட்டழற்சி என்று முதலில் எழுதி, வழக்குச் சொல்லைப் பின்னர்த் தருவதே தக்கது என்பது நம் கருத்து.

அடுத்து மூட்டு. இலக்கணம் கற்றவருக்கு உடலில் இரண்டு எலும்புகள் சேரும் இடமெல்லாம் மூட்டு. ஆனால் நம் வீடுகளில் 'மூட்டு வலி' என்றால் பெரும்பாலும் முழங்கால் வலியே. முடக்குவாதம் பல வேளைகளில் தொடங்குவது விரல்களின் சிறு மூட்டுகளில். 'மூட்டுகளில் வலி உண்டா?' என்று கேட்டால், விரல் வீங்கிய பெண் தம் முழங்காலை நினைத்து 'இல்லை' என்கிறார். விரற்கணு, மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை, கணுக்கால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அல்லது, வாய்மொழியைவிட மேலான வழியாக, மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டு வாதநோய்க் கழகங்களின் கூட்டமைப்பும் 1981-இல் தொடங்கிய காப்கார்டு என்னும் திட்டத்தில், வீடு வீடாகச் சென்று மக்களின் மூட்டுவலியைக் கேட்டறிவர். ஊடுகதிர்க் கருவிகள் எட்டாத சிற்றூர்களுக்கென்றே அது வகுக்கப்பட்டது. இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்துப் பிக்வான் என்னும் ஊரிலும், நம் அண்டை நாடான மலேசியாவிலும் அத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. கருவியற்ற இடத்தில் கேள்வியே கருவி.

இனி, நம்மைப் பல மாலைகள் உட்காரவைத்த ஒரு சொல்லுக்கு வருகிறோம். முடக்குவாதம் உடையோர் காலையில் கண் விழித்ததும் விரல்களை எளிதில் அசைக்க இயலாது. நேரம் செல்லச் செல்ல அந்நிலை தளரும். 1987-இல் வெளியான அமெரிக்க வரையறையில் இந்தக் காலைநேரக் குறி குறைந்தது ஒரு மணி நேரம் நீடிக்க வேண்டும் என்று இருந்தது. 2010-இன் புதிய வரையறையில் அது இடம்பெறவில்லை எனினும், மருத்துவர்கள் அதைக் கேட்பதை விட்டுவிடவில்லை. இதனைத் தமிழில் எவ்வாறு கேட்பது? அகராதி 'விறைப்பு' என்கிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் விறைப்பு என்பது உணர்ச்சியற்று மரத்துப்போதல். பல் பிடுங்குமுன் போடுவது விறைப்பூசி. யாழ்ப்பாண வழிவந்த குடும்பங்கள் பல வாழும் இந்நாட்டில், 'காலையில் கைகளில் விறைப்பு இருக்கிறதா?' என்னும் கேள்விக்கு ஒருவர் 'ஆம்' என்றால், அவர் மூட்டைப் பற்றிச் சொல்கிறாரா, நரம்பைப் பற்றிச் சொல்கிறாரா என்று எவ்வாறு அறிவது? இறுக்கம் என்றால் நெஞ்சிறுக்கமும் மன இறுக்கமும் முன்வந்து நிற்கும். பிடிப்பு என்றால் இடுப்புப் பிடிப்பு நினைவுக்கு வரும்.

முதியோர் தாமே பேசுவதைச் செவிமடுத்தால் விடை கிடைக்கும். அவர்கள் இந்த நிலையைப் பெயர்ச்சொல்லால் கூறுவதேயில்லை. 'விடிஞ்சு எழுந்தா விரலை மடக்க முடியலை. வெந்நீர்ல வச்சு எடுத்தாத்தான் வருது' என்பார்கள். தமிழ் இங்கே வினைச்சொல்லை விரும்புகிறது. ஆகவே, 'காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்கவும் நீட்டவும் கடினமாக இருக்கிறதா? அது சரியாக எவ்வளவு நேரம் ஆகிறது?' என்று இரண்டு கேள்விகளாகக் கேட்பதே நன்று. சொல்லுக்குச் சொல் தேடியவர்கள் இதனை ஏற்கத் தயங்குவார்கள். ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் அடங்குவது தமிழில் ஒரு வரியாகிறதே என்பது அவர்கள் குறை. ஒரு வரி கூடினால் தாளுக்குத்தான் செலவு.

வலி என்னும் சொல்லே தன்னளவில் வியப்புக்குரியது. திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் வலிமையை அறிவதைப் பற்றியது. நோவை அறிவதைப் பற்றியதன்று. அக்காலத்தில் துன்பத்தைச் சுட்ட நோய், நோவு என்னும் சொற்கள் இருந்தன. இழுத்தல் என்னும் பொருளும் வலித்தலுக்கு உண்டு. துடுப்பு வலித்தல் என்கிறோம். இன்று வலி பொதுச்சொல்லாகிவிட்டது. ஆனால் அதன் கீழ் எத்தனை நுண்சொற்கள்! குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், சுளுக்கு, இசிவு. தசை கடுக்கும், எலும்பு குடையும், கால் உளையும், புண் எரியும், நகச்சுற்று விண்விண்ணென்று தெறிக்கும். ஒன்றன் வினையை மற்றொன்றுக்கு நாம் எளிதில் மாற்றிச் சொல்வதில்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வலி வினாநிரல், ஆங்கிலத்தில் வலியைக் கூறும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. அச்சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்குவது வீண் உழைப்பு. தமிழ் பேசும் நோயாளிகளிடமிருந்து நம் சொற்களைத் திரட்டி, அவற்றை அவர்களே வரிசைப்படுத்தக் கேட்பதே ஆய்வு.

வரிசை என்றதும் அளவுப்படிகள் நினைவுக்கு வருகின்றன. முழங்கால், இடுப்புத் தேய்வு நோய்க்கு உலகெங்கும் பயன்படும் வோமாக் என்னும் வினாத்தாளில் 24 வினாக்கள்: வலிக்கு 5, காலைநேரக் கடினத்துக்கும் அதுபோன்றதற்கும் 2, செயல்களுக்கு 17. அதன் ஒரு வடிவில் விடை ஐந்து படிகளில் அமையும். அவற்றைத் தமிழில் 'இல்லை, லேசான, மிதமான, கடுமையான, மிகக் கடுமையான' என எழுதுவது வழக்கம். 'மிதமான' நடுப்படியாம். மிதமான சூட்டில் வெந்நீர் கேட்கும் பாட்டிக்கு அது நடுப்படியா? குறைவான சூடுதான் அது. லேசுக்கும் மிதத்துக்கும் இடையே எது பெரிது என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே விடை வராது. ஓரத்துப் படிகளில் குழப்பமில்லை, நடுவில்தான் குழப்பம். மருந்தின் பயனோ பெரும்பாலும் இந்த நடுப்படிகளுக்கு இடையே நிகழும் ஏற்ற இறக்கத்தில்தான் வெளிப்படுகிறது. 'கொஞ்சம், ஓரளவு, நிறைய' என்னும் எளிய சொற்கள் இங்கே மேலானவை. அவை செந்தமிழாக இல்லையே என்று கவலை கொள்ளும் ஆசிரியர்கள், இது கட்டுரைப் போட்டி அன்று என்பதை நினைவிற்கொள்க.

வோமாக் வினாத்தாள் காலுறை அணிவதில் உள்ள கடினத்தைக் கேட்கிறது. புடவையும் செருப்புமாக வாழ்ந்த பாட்டி காலுறைக்கு எங்கே போவார்? அந்த வினா உண்மையில் சோதிப்பது, முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் கை பாதத்தை எட்டுகிறதா என்பதை. கால் நகம் வெட்டுதலும் மெட்டியைச் சரிசெய்தலும் அதே அசைவுகள்தாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1980-இல் வெளியான செயல்திறன் வினாநிரலில் இறைச்சியைக் கத்தியால் வெட்டுதலும் பால் பெட்டியைத் திறத்தலும் உண்டு. இந்திய நோயாளிகளுக்காக அதனை மாற்றியமைத்தவர்கள், தரையில் சம்மணமிடுதலையும் குந்துதலையும் சேர்த்தார்கள். அது மொழிபெயர்ப்பைவிடப் பெரிய செயல். வாழ்க்கையை அறிந்து செய்த செயல்.

எனினும் இந்திய வடிவத்தை அப்படியே இங்குக் கொணர்ந்தாலும் பொருந்திவிடாது. ஒரு முறை மருத்துவக் குழுவொன்றுடன் அமர்ந்து வினாத்தாளைச் சோதித்தபோது, 'மாடிப்படி ஏறுவதில் எவ்வளவு சிரமம்?' என்னும் வினாவுக்கு ஒரு மூதாட்டி 'சிரமமே இல்லை' என்றார். கைத்தடியுடன் வந்தவர். பின்னர்ப் பொறுமையாகக் கேட்டபோது, 'ஏறினால்தானே தம்பி தெரியும்? எங்கள் வீட்டுக்கு மின்தூக்கி நிற்கிறது' என்றார். அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர் சொன்ன அந்த விடையில் பொய் ஏதுமில்லை. அதே மூதாட்டியிடம், 'மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்?' என்றதற்குக் கிடைத்த விடை: 'பரவாயில்லை.' நம் மொழியில் இதைவிடக் கடினமான சொல் ஒன்றை நாம் அறியோம். தேறிவிட்டது என்பதும் பரவாயில்லை. தேறவில்லை, ஆனாலும் உங்களைத் தொல்லைப்படுத்த விரும்பவில்லை என்பதும் பரவாயில்லை. எந்த எண்ணை எழுதுவது?

இவற்றைத் தீர்க்க முறை ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் பீட்டனும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்ட வழிகாட்டி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர்; இரண்டையும் ஒன்றாக்குவர்; மூலத்தைக் காணாத வேறிருவர் அதனை மூலமொழிக்குத் திருப்புவர்; பிறகு மருத்துவரும் மொழி வல்லுநரும் மொழிபெயர்த்தோரும் அடங்கிய குழு கூடும்; இறுதியில் 30 முதல் 40 பேரிடம் கேட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் அவர்கள் என்ன பொருள் கொண்டார்கள் என்று அறிவர். இந்தக் கடைசிப் படியே உயிர்நாடி. காலமும் பணமும் குறையும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுவே. திருப்பு மொழிபெயர்ப்பை மட்டும் நம்புவது ஏமாற்றம் தரும். 'விறைப்பு' என்பதை எந்த மொழிபெயர்ப்பாளரும் அகராதிப்படி ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுவார். மூலமும் திருப்பியதும் அச்சு மாறாமல் ஒத்துப்போகும். அனைவரும் மகிழ்ந்து கையொப்பமிடுவர். பாட்டிக்குப் புரிந்ததா என்பதை மட்டும் அந்தச் சோதனை சொல்லாது.

எலும்பு நோய்களில் நிலைமை சற்று வேறு. எலும்புப்புரை, உடையும்வரை ஓசையின்றி இருக்கும் நோய். அங்கே வலியைக் கேட்பதற்கில்லை. எலும்பின் அடர்த்தியைக் கருவி அளக்கும். எட்டு ஆசிய நாடுகளில் மாதவிடாய் நின்ற 860 பெண்களின் தரவுகளைக் கொண்டு 2001-இல் ஓஸ்டா என்னும் எளிய கணக்கு வெளியிடப்பட்டது. அவ்வாய்வில் சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு முதன்மைப் பங்குண்டு. கிலோகிராமில் எடையிலிருந்து வயதைக் கழித்து, 0.2-ஆல் பெருக்க வேண்டும். விடை -4-க்கும் கீழே சென்றால் இடர் மிகுதி. 72 வயதும் 46 கிலோ எடையும் உடையவருக்கு -5.2 வருகிறது, அவர் எலும்படர்த்திச் சோதனைக்குச் செல்ல வேண்டியவர். இந்தக் கணக்குக்கு மொழி வேண்டியதில்லை. அதன் அழகே அதுதான். ஆனால் சோதனை முடிவை விளக்கும்போது மொழி மீண்டும் வந்துவிடுகிறது. 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுகிறோம். அதே சொல்லை முழங்கால் குருத்தெலும்பு தேய்வதற்கும் சொல்கிறோம். முழங்காலில் நோவு இல்லாதவர், 'எனக்குத்தான் வலியே இல்லையே, தேய்மானம் எப்படி?' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். புரை என்னும் நல்ல சொல், உள்ளே துளைபட்டிருப்பதைக் காட்டும் சொல், நம்மிடம் இருக்கிறது. அதனைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஒரு தலைமுறை மாணவர்கள் போதும்.

மருந்துத் தாளுக்கு வருவோம். இங்கே மொழி உயிரோடு விளையாடக்கூடியது. முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் தரப்படும் மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் பல நாடுகளில் உள்ளனர். 'வாரம் ஒரு வேளை' என்று எழுதினால், வேளை என்பதை நாளின் மூன்று வேளைகளுள் ஒன்றாகக் கொண்டு, 'வாரம் முழுதும் நாளுக்கு ஒரு வேளை' என்று ஒருவர் படித்துவிடலாம். கிழமையின் பெயரையே எழுதுக: 'புதன்கிழமை மட்டும். மற்ற நாள்களில் இந்த மாத்திரை வேண்டா.' இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. கேட்பவர் எவ்வாறு புரிந்துகொள்வார் என்று ஒரு கணம் நின்று எண்ணினால் போதும்.

ஆய்வில் சேர்வோரிடம் பெறும் ஒப்புதல் தாளைப் பற்றி நெடிது பேச நேரமில்லை. ஒன்றை மட்டும் சுட்டுகிறோம். மருந்துப்போலி என்பது கலைச்சொல் ஆக்கத்தில் திறமான சொல்தான். ஆனால் போலி மருத்துவர், போலிக் கடவுச்சீட்டு என்று செய்தித்தாளில் படிப்பவர், போலி கிடைக்கலாம் என்னும் தாளில் எங்ஙனம் கையொப்பமிடுவார்? 'மருந்து கலவாத மாத்திரை' என்று விளக்கிவிடலாம்.

இத்தனையும் யாருக்காக என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வுகளில், வினாத்தாளின் மொழியைப் புரிந்துகொள்ளக்கூடியவரே சேரலாம் என்னும் நிபந்தனை வழக்கமானது, நியாயமானதும்கூட. சோதித்து உறுதிசெய்த தமிழ் வடிவம் இல்லையென்றால், தமிழ் மட்டும் அறிந்த முதியவர் அந்த நிபந்தனையால் வெளியே நிற்கிறார். அவரது நோவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அவருக்கு மருந்து கிடைக்கும். அந்த மருந்து அவரைப் போன்றோருக்கு எவ்வாறு பயன்பட்டது என்னும் அறிவு கிடைக்காது. பலதுறை மருந்தகத்தில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கலாம் என்போர் உண்டு. இங்குள்ள மாணவர்களுள் பலர் அப்பணியைச் செய்திருப்பீர்கள், அது போற்றத்தக்கது. ஆனால் கழிவறையில் எழுந்து அமர இயலவில்லை என்பதைப் பதினாறு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவக் குழுக்களில் மொழி வல்லுநருக்கு ஓர் இருக்கை விதிப்படியே உண்டு என்பதைச் சொன்னோம். அழைப்பு வந்தால் செல்லுங்கள். சொல்லின் தூய்மையைக் காக்கும் காவலராக அன்றி, கேட்பவரின் செவியாக அமருங்கள். மாணவர்களுக்கு ஒரு பணி: இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம், கைகால் நோவை அவர் எந்தெந்தச் சொற்களால் கூறுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். கேள்வியில் நீங்கள் எந்த நோவுச்சொல்லையும் எடுத்துக்கொடுக்க வேண்டா. 'காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். அவர் 'பரவாயில்லை' என்பார். சிறிது நேரம் பேசாமல் இருங்கள். அடுத்து அவர் சொல்வதை அவர் சொன்னவாறே, ஊரும் வயதும் குறித்து எழுதி மன்றத்திடம் ஒப்படையுங்கள். செயலவையினர் அத்தாள்களைப் பெற்றுத் தொகுக்க இசைந்துள்ளனர்.